குகேஷுக்கு லக்காம்... போங்கய்யா!

டிஸ்கி: செஸ் தெரியாதவங்களும் படிக்கலாம். யானைன்னா ரூக், குதிரைன்னா நைட். பிஷப்பை எங்க ஏரியாவுல மந்திரின்னுவாங்க, ஆனா எனக்கு பிஷப்னே வாயில வந்துடுச்சு. நான் ஒண்ணும் பெரிய பிளேயர் கிடையாது. பொட்டி தட்டுற பொழப்பு, ஞாயித்துக்கிழமை செஸ். ஆகவே அடிக்க வர்றவங்க கொஞ்சம் மெதுவா அடிங்க.

போன ஞாயித்துக்கிழமை கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கிட்ட மாட்டிக்கிட்டேன். எங்க ஏரியா ஆளுங்களுக்கு இது புதுசில்ல. கூட்ஸ் வண்டி ஒண்ணு போகும், முடிஞ்சுதுன்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணா அந்தப் பக்கத்துல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் வரும், அது போனா இன்னொரு கூட்ஸ். சரின்னு ஓரங்கட்டிட்டு டீக்கடைக்குப் போனா, அங்க நம்ம பய ஒருத்தன். பாலிடெக்னிக் படிச்ச காலத்துலயே எங்க தெரு கேரம் கிளப்புல செஸ் போர்டை இழுத்துப் போட்டு எல்லாரையும் அடிச்சவன். பேச்சு எங்கெங்கயோ போயி குகேஷ்ல வந்து நின்னுச்சு. அப்பதான் சொன்னான்:

"இன்னா மச்சி பெரிய சாம்பியன்... அந்த சைனாக்காரன் தானா குட்தான், இவன் வாங்கிகினான். லக்குப்பா அது."

எனக்கு டீ கசந்துருச்சு. கேட் தொறந்து, பின்னாடி நின்ன ஆட்டோக்காரரு ஹாரன் அடிச்சு என் பரம்பரையையே விசாரிச்சிட்டாரு, நான் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். அங்க முடியாத மிச்சத்தைத்தான் இங்க எழுதறேன்.

இந்த "லக்கு" டயலாக் அவன் கண்டுபிடிச்சது இல்ல. 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூர்ல ஆட்டம் முடிஞ்ச ராத்திரியே ஆரம்பிச்சாச்சு. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்கே இந்த முடிவைப் பார்த்து நொந்துக்கிட்டாரு. (இதே கிராம்னிக் 2006-ல பான் நகரத்துல டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டரோட ஆடும்போது, ஒரே மூவ்ல தனக்கு மேட் இருக்கறதைப் பார்க்காம ராணியை நகர்த்தினவரு. அவரு திறமை மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனாலும் சொல்லாம இருக்க முடியல, ஹிஹி.)

சரி, என்னதான் நடந்துச்சு?

மொத்தம் 14 ஆட்டம். 13 முடிஞ்சப்ப 6.5-க்கு 6.5. கடைசி ஆட்டத்துல டிங் லிரென்னுக்கு வெள்ளை. டிரா ஆனா மறுநாள் ரேபிட் டை-பிரேக். வேகமான ஆட்டத்துல டிங்தான் பலசாலின்னு ஊரே சொல்லிக்கிட்டிருந்துச்சு. அதனால டிங் என்ன பண்றாரு, சட்டுபுட்டுன்னு காயை வெட்டி டிராவைத் தேடறாரு. 29-வது மூவ்ல ஒரு சிப்பாயை விட்டுக்கொடுத்து, 30-ல ராணிகளை வெட்டிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். ரெண்டு பிஷப்பும் ஒரே நிறக் கட்டத்துல ஓடறது. சிப்பாய் குகேஷுக்கு 3, டிங்குக்கு 2, எல்லாம் ராஜா பக்கத்துலயே. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இது டிரான்னுதான் போட்டிருக்கும்.

இந்த இடத்துலதான் எங்க கேரம் கிளப் கும்பலுக்கும் குகேஷுக்கும் வித்தியாசம். நாம என்ன பண்ணுவோம்? "டிராதானே மச்சி" ன்னு கையை நீட்டிடுவோம். அவன் பாட்டுக்கு ஆடினான். 31-ல இருந்து 54 வரைக்கும் சிப்பாயை ஒரு கட்டம் முன்னாடி, ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டுல, யானையை அங்க, பிஷப்பை இங்க. பார்க்கறவனுக்கு தூக்கம் வரும். 3-க்கு 2 சிப்பாய் இருந்தது 2-க்கு 1 ஆச்சு. கடிகாரத்துல குகேஷுக்கு நேரம் தாராளமா இருந்துச்சு, டிங்குக்கு கம்மி.

53-வது மூவ்ல டிங் பிஷப்பை ஏ8-ல கொண்டு போய் வச்சாரு. போர்டோட மூலை. யானைங்க இருக்கறவரைக்கும் இதுல தப்பே இல்ல. ஆனா ஒண்ணைக் கவனிங்க. நடு போர்டுல நிக்கிற பிஷப்புக்கு நாலு பக்கமும் ரோடு. மூலையில நிக்கிற பிஷப்புக்கு ஒரே ரோடு. நம்ம கேட்டை மூடினா மணலி பக்கம் போறவன் நிக்கிறான் பாருங்க, அந்த மாதிரி.

54-ல குகேஷ் ராஜாவை இ5-க்கு கொண்டு வந்து எஃப்4-ல இருந்த யானையை மிரட்டறான். யானை எங்கயாவது போகணும். நாலாவது வரிசையிலயே பக்கவாட்டுல ஏ4-க்குப் போயிருந்தா ஆட்டம் இன்னும் டிராதான். டிங் எஃப்2-க்கு வந்தாரு. "வெட்டு, வெட்டினா சீக்கிரம் முடியும்" ங்கற ஆசை. குகேஷ் வெட்டினான், டிங் ராஜாவால திருப்பி வெட்டினாரு. அடுத்து குகேஷோட பிஷப் டி5-ல வந்து நின்னுச்சு. கேட் மூடியாச்சு! மூலை பிஷப்புக்கு இருந்த ஒரே ரோட்டுல, ராஜாவோட பாதுகாப்புல எதிரி பிஷப். பி7, சி6 எங்க நகர்ந்தாலும் வெட்டு. நகராட்டியும் வெட்டு. வேற வழியில்லாம பிஷப்பும் மாறிடுச்சு. மிச்சம் ரெண்டு ராஜா, மூணு சிப்பாய். 58-வது மூவ்ல குகேஷ் ராஜாவை எதிர் ராஜாவுக்கு நேரா இ5-ல நிறுத்தினதும் டிங் கையைக் குடுத்துட்டாரு. 18 வயசுல உலக சாம்பியன். 7.5-க்கு 6.5.

ஆமாங்க, டிங் ஆடினது தப்பு மூவ்தான். நான் அதை மறுக்கவே இல்ல. ஆனா "தானா குடுத்தான்" னு சொல்றவங்க ரெண்டு விஷயத்தை வசதியா மறந்துடறாங்க.

ஒண்ணு. அந்தத் தப்பு வானத்துல இருந்து விழல. 24 மூவ் தூங்க விடாம, டிரான்னு தெரிஞ்ச பொசிஷனை விடாம ஆடினதுல வந்துச்சு. நம்ம ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு புரொடக்ஷன்ல கை வைக்கிறவனைப் பார்த்திருப்பீங்க. அவன் முட்டாள் இல்ல. திங்கக்கிழமை காலையில அதே ஆளு அந்தத் தப்பைப் பண்ணவே மாட்டான். களைப்பு, நேரம் இல்ல, சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போகணும். எதிராளியை அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தறதுக்குப் பேருதான் எண்ட்கேம் டெக்னிக்.

ரெண்டு. தப்பு மூவ் வந்தப்ப அதைப் பார்க்கணும்ல? குகேஷே பின்னாடி சொன்னான், முதல்ல கவனிக்கலையாம், யானையை பி3-க்கு நகர்த்தத்தான் இருந்தானாம். நீங்களும் நானும் நகர்த்தியிருப்போம். அவன் நிறுத்தி, பிஷப் மாட்டறதைப் பார்த்து, அதுக்கப்புறம் வர்ற வெறும் சிப்பாய் ஆட்டம் ஜெயிக்குமான்னு கடைசி வரைக்கும் எண்ணிட்டுதான் வெட்டினான்.

"அட, ரெண்டு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய், யாரு வேணா ஜெயிக்கலாம்" னு சொல்றீங்களா? நம்ம பயலும் அதைத்தான் சொன்னான். சரி வாங்க, போர்டை எடுங்க. வெள்ளைக்கு ராஜா எஃப்2, சிப்பாய் ஜி3. கறுப்புக்கு ராஜா இ4, சிப்பாய்ங்க எஃப்5, ஜி4. டிங் கையைக் குடுக்காம ஆடியிருந்தா ரெண்டே மூவ்ல இந்த பொசிஷன் வரும். கறுப்போட மூவ். என்ன ஆடுவீங்க?

டீக்கடையில மொபைல்ல போர்டைத் தொறந்து நம்ம பயகிட்ட இதையே குடுத்தேன். ரெண்டு செகண்டுல எஃப்4-ன்னு தள்ளினான். வெட்டினேன், அவன் ராஜாவால திருப்பி வெட்டினான். நான் ராஜாவை ஜி2-ல வச்சேன். "அப்புறம் ஜெயி ராஜா" ன்னேன். தள்ளிப் பார்த்தான், சுத்திப் பார்த்தான். கடைசியில என் ராஜாவுக்கு நகர கட்டமே இல்லாம ஸ்டேல்மேட். டிரா! உலக சாம்பியன் பட்டம் போச்சு :-)

ஜெயிக்கிற வழி சிப்பாயைத் தொடாம ராஜாவை டி3-க்கு, அதாவது சுத்து வழியில கூட்டிட்டுப் போறது. அங்க இருந்து இ3, இ2, எஃப்3, எஃப்2. வெள்ளை ராஜா ஒவ்வொரு கட்டமா ஒதுங்கி ஒதுங்கி மூலைக்குப் போயிடும், ஜி3 சிப்பாய் அனாதையா நிக்கும், எடுத்துக்க வேண்டியதுதான். சிப்பாயைத் தள்ளினா டிரா, ராஜா நடந்தா வெற்றி. "யாரு வேணா ஜெயிக்கலாம்" னு சொன்னவன் ஜெயிக்கல. அதுக்கப்புறமும் "அது வேற, இது வேற" ன்னான் பாருங்க, அவ்வ்வ்வ்...

இப்ப ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கறேன். 2013 நவம்பர். நம்ம சென்னையில, ஹயாத் ஹோட்டல்ல ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன்ஷிப். முதல் நாலு ஆட்டம் டிரா. அஞ்சாவது ஆட்டம் யானை-பிஷப் எண்ட்கேம், டிரா ஆகியிருக்க வேண்டியது. 45-வது மூவ்ல ஆனந்த் யானையால ஒரு செக் குடுத்தாரு, அதுதான் தப்பு, போச்சு. மறுநாள் ஆறாவது ஆட்டம், யானை எண்ட்கேம், மறுபடியும் டிரா ஆகியிருக்கலாம். 60-வது மூவ்ல ஒரு தப்பு, போச்சு. கடைசியில 6.5-க்கு 3.5. நான் அப்ப ஸ்கூல் பையன். டிவியில பார்த்துட்டு ராத்திரி சாப்பிடல.

அப்ப எல்லாரும் என்ன எழுதினாங்க? "கார்ல்சன் கல்லுல இருந்து தண்ணி எடுக்கறான்", "டிரா பொசிஷன்லயும் எதிராளியைப் பிழிஞ்சு தப்பு பண்ண வைக்கிறான், இதுதான் மேதை" ன்னாங்க. சரிதான், நானும் ஒத்துக்கறேன். அப்போ அதே வேலையை 11 வருஷம் கழிச்சு சென்னைப் பையன் பண்ணா மட்டும் எப்படிங்க லக்கு ஆகும்? நார்வேக்காரன் பிழிஞ்சா டெக்னிக்கு, தமிழ்நாட்டுக்காரன் பிழிஞ்சா லாட்டரியா? வெள்ளைக்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்ற நம்ம ஆளுங்க மேலதான் எனக்குக் கோவம். அவங்க ஊர்க்காரன் சொன்னா சொல்லிட்டுப் போறான்.

லக்குன்னா 2022-ல மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல குகேஷுக்கு அந்த லக் எங்க போச்சாம்? வரிசையா முதல் 8 ஆட்டமும் ஜெயிச்ச பையன். பத்தாவது ரவுண்டு, உஸ்பெகிஸ்தானோட அப்துசத்தோரோவ் கூட ஜெயிக்கிற பொசிஷன். நேரம் இல்லாம, களைப்புல, குதிரையைத் தப்பா வச்சு தோத்தான். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போச்சு, இந்தியா-2 அணிக்கு வெண்கலம். தனிநபர் தங்கம் வாங்கினாலும் அன்னிக்கு அவன் போர்டுல உட்கார்ந்திருந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். "அஞ்சாவது மணி நேரத்துல நம்ம மூளை என்ன பண்ணும்" ங்கற பாடத்தை அவன் அங்க காசு குடுத்து வாங்கினான். ரெண்டு வருஷம் கழிச்சு சிங்கப்பூர்ல அது உதவியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

சரி, குகேஷுக்கு வக்காலத்து வாங்க நான் யாரு, அவனுக்குத்தான் கோப்பை இருக்கே. எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல.

அக்கா பையன். பத்து வயசு. இங்க அவனுக்கு வாண்டுன்னு பேரு வச்சுக்கலாம். ரெண்டு வருஷமா ஒரு செஸ் கோச்சிங் கிளாஸ் போறான். பேரு வேணாம். மாசம் 2500 ரூபாய், டோர்னமெண்ட் ஃபீஸ் தனி. மாமா ஹார்பருக்கு கண்டெய்னர் லாரி ஓட்டுறாரு, அக்கா வீட்டுல மிஷின் போட்டு பிளவுஸ் தைக்குது. 2500 எத்தனை பிளவுஸுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. போன மாசம் ஒரு டோர்னமெண்ட். கடைசி ரவுண்டு ஜெயிச்சா பரிசு. வாண்டுவோட ஆட்டம் ராஜா-சிப்பாய் எதிர்ல தனி ராஜான்னு வந்துடுச்சு. ஜெயிச்சாச்சுன்னு நான் வெளியில அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். பய என்ன பண்ணான்? சிப்பாயை ஓட ஓட தள்ளினான். இ7 வரைக்கும் தள்ளிட்டான், எதிராளி ராஜா இ8-ல குறுக்க நின்னுச்சு. சிப்பாயை விடாம இருக்க இவன் ராஜாவை இ6-ல வச்சான். ஸ்டேல்மேட். எதிராளிப் பையன் குதிச்சான். இவன் வெளியில வந்து என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். "மாமா, ஒரு சிப்பாய் ஜாஸ்தி இருந்துச்சே மாமா..."

நான் கேட்டேன், "ராஜா முன்னாடி போகணும், சிப்பாய் பின்னாடி வரணும்னு கிளாஸ்ல சொல்லலையாடா?"

"அதெல்லாம் எண்ட்கேம் மாமா. 1500 ரேட்டிங் வந்தப்புறம்தான் எடுப்பாங்களாம்."

ஙே! ராஜா சிப்பாய்க்கு முன்னாடி ஆறாவது வரிசைக்குப் போயிட்டா, யாரோட மூவா இருந்தாலும் வெற்றி, ஓரத்துச் சிப்பாய் மட்டும்தான் விதிவிலக்கு. இது ஒரு சாயங்காலத்துப் பாடம். ரெண்டு வருஷத்துல அந்த ஒரு சாயங்காலம் கிடைக்கலையா? ஆனா வாண்டுவுக்கு என்ன தெரியும் தெரியுமா? எட்டு மூவ்ல ராணியைப் பிடிக்கிற ட்ராப் பதினாலு தெரியும். சிசிலியன்ல ஏதோ ஒரு கிளையில 17-வது மூவ் வரைக்கும் மனப்பாடம். 18-வது மூவ் என்னடான்னா முழிக்கிறான். நம்ம இன்ஜினியரிங் காலேஜ்ல முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸ் படிச்சு எழுதினோமே, அதே கதை. பரிட்சைக்கு ஓகே. வேலைக்குப் போனதும் ஒரு பாயிண்டர் தெரியாம நாக்கு தள்ளுச்சுல்ல?

கோச்சிங் கிளாஸ்காரங்க பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்லமாட்டேன். ட்ராப் சொல்லிக்குடுத்தா பையன் அடுத்த வாரமே நாலு பேரை அடிப்பான், அப்பா அம்மா சந்தோஷமா அடுத்த மாச ஃபீஸ் கட்டுவாங்க. எண்ட்கேம் சொல்லிக்குடுத்தா பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள பாதிப் பேரு ஸ்விம்மிங் கிளாஸுக்குப் போயிடுவான். புரியுது. ஆனா காபாபிளாங்கா 1921-லயே புத்தகம் போட்டு, முதல்ல எண்ட்கேம் படின்னு சொன்ன ஆளு. நூறு வருஷம் தாண்டியும் "அதெல்லாம் அப்புறம்" னா எப்படி? குகேஷோட கோச் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் லெவல் வர்ற வரைக்கும் அவனை இன்ஜின் பக்கமே விடலைன்னு பேட்டியிலயே சொல்லியிருக்காங்க. நம்ம வாண்டு ஒவ்வொரு மூவுக்கும் மொபைல்ல இன்ஜினைத் தொறந்து பச்சை அம்பு எங்க காட்டுதுன்னு பார்க்கறான். பச்சை அம்பு டோர்னமெண்ட் ஹாலுக்கு வராதுடா தம்பி.

இதுல ஒரு பணக்கணக்கும் இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. ஓப்பனிங் காசு கேக்கற சமாச்சாரம். புதுசு புதுசா கோர்ஸ், டேட்டாபேஸ், நல்ல லேப்டாப்பு, பர்சனல் கோச்சு. இன்னிக்கு வாங்கினது அடுத்த வருஷம் பழசு. அண்ணா நகர்ல, அடையாறுல இருக்கற பையனோட அந்த ரேஸ்ல நம்ம கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பையன் எங்க ஓடறது? எண்ட்கேமுக்கு அது கிடையாது. பிலிடோர் 18-ஆம் நூற்றாண்டுல காட்டின யானைத் தடுப்பு இன்னிக்கும் அப்படியேதான் வேலை செய்யுது. ஒரு போர்டு, ஒரு பழைய புத்தகம், பொறுமை. இப்ப 7 காய் வரைக்கும் கம்ப்யூட்டர் முழுசா கணக்குப் போட்டு முடிச்சாச்சு, லைசெஸ் மாதிரி இடத்துல ஓசியிலயே பார்க்கலாம். ஒரு தடவை கத்துக்கிட்டா சாவற வரைக்கும் எக்ஸ்பயரி இல்லாத சொத்து. இல்லாதப்பட்டவன் எடுக்க வேண்டிய ஆயுதமே இதுதான். அதை அவன்கிட்ட குடுக்காம, பணக்காரப் பையனோட ஆயுதத்தைத் தவணை முறையில விக்கிறாங்க!

எங்க பக்கத்துப் பசங்களுக்கு இந்தப் பொறுமை இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. இதே வடசென்னையில, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ல இருந்து ஆட்டோ ஓட்டுறவரு பொண்ணு காசிமா, 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம் வாங்கிட்டு வந்துச்சு. கேரம்ல கடைசி காய் எப்படிப் போடணும்னு தெரியாதவன் எங்க தெருவுல போர்டு பக்கமே வர முடியாது. ரெட் போட்டு ஃபாலோ போடற வரைக்கும் எவனும் பேசவே மாட்டான். அந்தக் கவனம் நம்ம ரத்தத்துல இருக்கு. செஸ்ஸுல மட்டும் ஏன் அதை வளர்க்க மாட்டேங்கறோம்?

மூவ் எப்படி முடிவு பண்றதுங்கறதையும் சொல்லிடறேன், இதுவும் கிளாஸ்ல கிடையாது. கோட்டோவ்னு ஒரு ரஷ்ய கிராண்ட்மாஸ்டர், 1970 வாக்குல கிராண்ட்மாஸ்டர் மாதிரி யோசிக்கறது எப்படின்னு ஒரு புத்தகம் எழுதினாரு. அதுல ஒரு அருமையான வியாதியை வர்ணிச்சிருப்பாரு. ரெண்டு மூவை மாத்தி மாத்தி அரை மணி நேரம் யோசிப்போம், ரெண்டும் பிடிக்காது, கடிகாரத்தைப் பார்ப்போம், பதறிப் போயி யோசிக்கவே யோசிக்காத மூணாவது ஒரு மூவை டக்குன்னு ஆடிடுவோம். அது மரண மொக்கையா இருக்கும். எனக்கு இந்த வியாதி முத்தினது. ஆபீஸ்லயும் இருக்கு, ரெண்டு டிசைனை ஒரு வாரம் விவாதிச்சிட்டு, கடைசி நாள் எவனும் பேசாத மூணாவதை கோட் பண்ணுவோம் :-(

இதுக்கு பிளூமென்ஃபெல்டுன்னு இன்னொரு ரஷ்யரு மருந்து சொல்லியிருக்காரு. மூவை முடிவு பண்ணதும் ஆடாதே. முதல்ல பேப்பர்ல எழுது. எழுதிட்டு, செஸ் இன்னிக்குத்தான் கத்துக்கிட்டவன் கண்ணோட போர்டைப் பாரு. ஒரே மூவ்ல மேட் இருக்கா, காய் சும்மா நிக்குதா? அப்புறம் ஆடு. இப்ப ஃபிடே விதிப்படி ஆடறதுக்கு முன்னாடி எழுதக் கூடாது, அதனால நான் வாண்டுவை கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உட்காரச் சொல்லியிருக்கேன். கை வெளியில வர்ற நேரத்துல ஒரு தடவை பார்க்கணும். சிங்கப்பூர்ல பி3-க்குப் போக இருந்த யானை நின்னுச்சே, அந்த ஒரு தடவை.

முன்னெல்லாம் எண்ட்கேம் வந்தா ஆட்டத்தை ஒத்தி வைப்பாங்க. வீட்டுக்குப் போயி ராத்திரி முழுக்க ஆராய்ச்சி பண்ணிட்டு மறுநாள் வந்து ஆடலாம். கம்ப்யூட்டர் வந்ததும் 1990-கள்ல அதை ஒழிச்சாச்சு. இப்ப எண்ட்கேம்ங்கறது மூளை பஞ்சர் ஆன நேரத்துல, ஒரு மூவுக்கு 30 செகண்டு கிடைக்கிற நிலைமையில ஆடறது. அதனால முன்னை விட இப்பதான் அதை அதிகமா கத்துக்கணும், கம்மியா இல்ல. இந்தச் சின்ன லாஜிக் எப்படிப் புரியாம போகுதுன்னு எனக்குப் புரியல.

போன வாரம் அக்காகிட்ட சொல்லிட்டேன், ரெண்டு மாசம் கிளாஸை நிறுத்து, நான் சொல்லித்தரேன்னு. "நீயே 1600 தாண்டாதவன், நீ என்னடா சொல்லித்தருவே?" ன்னு கேட்டுச்சு. நியாயமான கேள்விதான். ஆனா ராத்திரி வாண்டுகிட்ட ரெட்டி 1921-ல போட்ட ஒரு புதிரை வச்சேன். மொத்தம் நாலே காய். வெள்ளை ராஜா ஹெச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் ஹெச்5. வெள்ளை ஆடி டிரா பண்ணணும். கறுப்பு சிப்பாய் நாலு எட்டுல ராணி ஆயிடும், வெள்ளை ராஜா மூலையில கிடக்கு, தன் சிப்பாயையும் காப்பாத்த முடியாது, எதிரி சிப்பாயையும் பிடிக்க முடியாது. பார்த்தா செத்த பொசிஷன். வாண்டு ராஜாவை நேரா ஹெச்7-க்கு விட்டான், தோத்தான். மறுபடி விட்டான், தோத்தான். "முடியாது மாமா, புத்தகத்துல தப்பா போட்டிருக்கான்" ன்னான்.

குறுக்கால நடடான்னேன். ஜி7, எஃப்6, இ5. குறுக்கால நடந்தா அந்த ஒரே எட்டு ரெண்டு பக்கமும் போற எட்டு. எதிராளி ராஜா நம்ம சிப்பாயை வெட்டினா எஃப்4-க்குத் திரும்பி அவன் சிப்பாயைப் பிடிக்கலாம், அவன் சிப்பாயைத் தள்ளினா டி6-க்குப் போயி நம்ம சிப்பாயை ராணி ஆக்கலாம். பய அந்த இ5 கட்டத்துல ராஜாவை வச்சிட்டு, கையை எடுக்காம போர்டையே பார்த்துக்கிட்டிருந்தான். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் "யம்மா, இங்க வாயேன், இதைப் பாரேன்" னு அக்காவை மிஷின்ல இருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்தான். அக்காவுக்கு காய் எப்படி நகரும்னே தெரியாது. நின்னு முழுசா பார்த்துச்சு.

இந்த மாசம் 2500 மிச்சம். அதுல ஒரு செஸ் கிளாக் வாங்கலாம்னு இருக்கேன். டீக்கடைப் பயலும் ஞாயித்துக்கிழமை வர்றானாம், எஃப்4 தள்ளினா ஏன் டிரான்னு அவனுக்கு இன்னும் ஒத்துக்க மனசில்ல. வாண்டுகூடவே ஆடட்டும், நான் ஓரமா உட்கார்ந்து டீ குடிச்சுக்கறேன்.